பரணில் கிடக்கும் செல்போனுக்கு ஒரு வேலை

(வானொலி பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுத்து முடித்துவிட்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். தெருவோடு ஒரு மொபெட் வந்தது. பின்னால் பிளாஸ்டிக் குடமும் வாளியும் மலை மாதிரி கட்டியிருந்தது. “பழைய செல்போன், உடைஞ்ச செல்போன், ஓடாத செல்போன் கொடுத்துட்டுக் குடம் வாங்கிக்கங்கம்மா!” என்று ஒலிபெருக்கியில் ஒரே கூப்பாடு.

வீட்டுக்கார அம்மா உள்ளே போய் ஒரு செல்போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “அம்மா, கொஞ்சம் இருங்க, அது ஓடுதா?” என்று கேட்டேன்.

“ஓடுது சார். கண்ணாடி விரிஞ்சு போச்சு. நாம பேசினா எதிராளிக்குக் கேக்கலை. மகன் புதுசு வாங்கிக் கொடுத்துட்டான். இது ரெண்டு வருஷமாப் பரண்லே கிடக்கு.”

“ஒரு குடத்துக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுக்கறீங்களேம்மா” என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெயிலில் அலைந்து ஆபீசருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அன்றைக்கு நின்று விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை, ஜீப் கிளம்பிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நாம் ஒரு செல்போனை ஏன் ஒதுக்குகிறோம்? கண்ணாடி உடைந்தது, மைக் கெட்டது, புதிய செயலிகள் ஏறவில்லை, அவ்வளவுதானே. உள்ளே இருக்கிற மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்குப் போடுகிற சில்லு, ஞாபகம் வைத்துக்கொள்கிற சில்லு, வைஃபை, கேமரா, மின்சாரம் நின்றால் தாங்குகிற பேட்டரி, எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் இருக்கின்றன. கொம்பு உடைந்த மாடு என்பதற்காக உழவுக்கு ஆகாது என்று யாராவது தள்ளுவோமா?

இந்தப் போனை என்ன செய்யலாம் என்றால், வீட்டுக்கு ஒரு சர்வராக வைத்துக்கொள்ளலாம். சர்வர் என்றதும் உங்களுக்கு ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைக்கிறவர் ஞாபகம் வரும். தப்பே இல்லை, வேலை அதேதான். அவர் ஓர் இடத்தில் தயாராக நிற்கிறார். எந்த மேஜையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எச்சில் தட்டை வாங்கிக்கொண்டும் போகிறார். அதே மாதிரி இந்தப் போனும் வீட்டில் ஒரு மூலையில் இரவு பகல் விழித்திருக்கும். உங்கள் போன், மகன் போன், மருமகள் போன் எது கேட்டாலும் படத்தையோ கணக்கையோ எடுத்துக் கொடுக்கும். கொடுத்ததை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். இதற்கு மாதச் சந்தா கிடையாது. வீட்டுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கலுக்கு இன்டர்நெட்கூட வேண்டியதில்லை.

“அதெல்லாம் பட்டணத்துக்காரங்களுக்கு சார், எனக்கு எதுக்கு?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

எங்கள் வட்டாரத்தில் ஓர் இளம் விவசாயி. நன்றாகப் பயிர் செய்கிறவர். ஆலங்கட்டி மழையில் வாழை குலையோடு சாய்ந்துபோயிற்று. சாய்ந்த ஒவ்வொரு மரத்தையும் படம் பிடித்தார், கன்று வாங்கிய ரசீதையும் படம் பிடித்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே செல்போனில். மறுநாள் காலை மோட்டார் போடக் குனிந்தார், சட்டைப் பையிலிருந்த செல்போன் கிணற்றுக்குள் போய்விட்டது. நாலு ஆள் இறங்கித் தேடி எடுத்தும் பயனில்லை. பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை மாதிரி தனி வயலைத் தாக்குகிற சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். அவர் ஓடிப்போய்ப் புதிதாகப் படம் எடுத்து எப்படியோ தகவல் கொடுத்துவிட்டார். ரசீதுகள் போனது போனதுதான். மூன்று வருஷத்துச் சாகுபடிக் கணக்கும் அதோடு போயிற்று.

இன்றைக்கு நம் பட்டா நகல், மண்வள அட்டை, உர ரசீது, விதை மூட்டையில் தைத்திருக்கிற நீல அட்டை, எல்லாம் செல்போனில் படமாகத்தான் இருக்கிறது. முளைப்பு சரியில்லை என்று புகார் கொடுக்கப் போனால் அந்த நீல அட்டையும் ரசீதும்தான் பேசும். அப்படிப்பட்ட சமாசாரத்தைச் சட்டைப் பையிலே மட்டும் வைத்துக்கொண்டு கிணற்றடியில் குனிவது சரியா?

கம்பெனிக்காரர்களே இன்டர்நெட்டில் இடம் தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. ஆனால் அந்தப் 15 ஜிபிக்குள்தான் உங்கள் கடிதம், கோப்பு, படம் எல்லாம் அடங்க வேண்டும். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஏற்றுகிற படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. நிறைந்துவிட்டால் காசு கட்ட வேண்டும். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; முக்கியமான பத்து இருபது பத்திரங்களை அங்கேயும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். வீட்டில் இடி விழுந்தால், தீப்பிடித்தால் அதுதான் கைகொடுக்கும். அன்றாடம் சேருகிற நூற்றுக்கணக்கான படங்களுக்கு வீட்டுப் போன் போதும். ஒரு படம் 3 எம்பி என்று வைத்தால், 20 ஜிபி காலியிடத்தில் ஆறாயிரம் படத்துக்கு மேல் அடங்கும். மெமரி கார்டு போடுகிற போன் என்றால் இன்னும் கூடும்.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் போனைத் தட்டையான பலகையில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்து உட்கார வேண்டும். முதுகு உப்பி, தட்டாமாலை மாதிரி சுற்றினால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் போன் வேண்டவே வேண்டாம். படிந்து உட்கார்ந்தால், சார்ஜ் ஏறுகிறதா, வைஃபை எடுக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. ரொம்பப் புதுசாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால் ஆண்ட்ராய்டு 12 முதல், பின்னணியில் ஓடுகிற வேலைகளைப் போனே பிடித்து நிறுத்துகிற வழக்கம் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் பழசுதான் உசத்தி.

அதிலிருக்கிற பழைய படங்களைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். பிறகு அமைப்புகளில் போய் உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, போனை முழுக்கத் துடைத்து, கடையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். கணக்கை நீக்காமல் துடைத்தால், மறுபடி திறக்கும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கும். சிம் கார்டு போட வேண்டாம். வங்கிச் செயலி, பணம் அனுப்புகிற செயலி ஒன்றும் அதிலே கூடாது. பழைய போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிருக்கும். பூட்டுத் தேய்ந்த பெட்டியில் நகையை வைப்போமா? படம், ரசீது, கணக்குக்கு அது போதும்.

பிறகு செயலி. எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். ‘மெட்டீரியல் ஃபைல்ஸ்’ என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. கோப்புகளைப் பார்க்கிற செயலிதான். அதற்குள்ளேயே எஃப்.டி.பி. சர்வர் என்று ஒரு பகுதி உண்டு. அதைத் திறந்து, ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ஓடவிட்டால் ஒரு முகவரியைக் காட்டும். 192.168 என்று ஆரம்பிக்கிற எண், கடைசியில் 2121 என்று இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதுப் போனிலும் அதே செயலியைப் போட்டு, சேமிப்பிடம் சேர்க்கிற இடத்தில் இந்த முகவரியைக் கொடுத்தால், பழைய போனின் அலமாரி புதுப் போனில் திறக்கும். வேண்டியதை இங்கிருந்து அங்கே போடலாம், அங்கிருந்து எடுக்கலாம்.

வீட்டில் வைஃபை பெட்டி இல்லையா? பாதகமில்லை. புதுப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பழைய போனை அதோடு சேர்த்துவிடுங்கள். டேட்டாவை அணைத்தே வைக்கலாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்கினால் அன்றைய படம் அன்றைக்கே பழைய போனுக்குப் போய்விடும்.

வைஃபை பெட்டி இருக்கிற வீட்டில் இந்தப் பத்து நிமிஷமும் மிச்சம். ‘சிங்க்திங்’ என்று ஒரு மென்பொருள். இரண்டு போனிலும் போட்டு ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைத்தால், நீங்கள் வயலிலிருந்து வீடு திரும்பி வைஃபைக்குள் வந்ததும், அன்று எடுத்த படங்கள் தானாகவே வீட்டுப் போனில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதன் பழைய ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதிலிருந்து கிளைத்த ‘சிங்க்திங் ஃபோர்க்’ என்கிறதைத்தான் தேட வேண்டும்.

இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் போனில் இடம் நிறைந்துவிட்டது. படமெல்லாம்தான் வீட்டுப் போனில் பத்திரமாக இருக்கிறதே என்று, ஒரு பருவத்து நெல் வயல் படங்களை என் போனிலிருந்து அழித்தேன். குலைநோய் எந்தத் தேதியில் எந்த வயலில் முதலில் தெரிந்தது என்று வாரவாரம் எடுத்து வைத்த படங்கள் அவை. சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். வீட்டுப் போனைத் திறந்தால் அங்கேயும் இல்லை! யோசித்துப் பார்த்தால் அதன் மேல் குற்றமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் அதன் வேலை. இங்கே அழித்தால் அங்கேயும் அழிக்கும். மதகைத் திறந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும், மேட்டிலிருந்த தண்ணீரைக் காணோமே என்று அழுது என்ன பயன்?

இதற்கு மருந்து அந்தச் செயலியிலேயே இருக்கிறது. வீட்டுப் போனில், அந்தக் கோப்புறையின் அமைப்பில், பழைய பிரதிகளை வைத்துக்கொள்கிற வசதி உண்டு. அதில் குப்பைக்கூடை முறை என்கிறதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அழிக்கப்பட்ட படம் காணாமல் போகாது. மறைவான ஓர் உறையில் ஒதுங்கி நிற்கும். இதைப் போட்ட பிறகு, வேண்டாத படம் ஒன்றை வேண்டுமென்றே அழித்து, வீட்டுப் போனில் அது ஒதுங்கி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் நம்பாதீர்கள். விதையை முளைப்புப் பரிசோதனை செய்துவிட்டு விதைக்கச் சொல்கிற நானே இதைச் சோதிக்காமல் விட்டேன்.

எந்தச் செயலியைப் போட்டாலும், பேட்டரி மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டிலிருந்து அதற்கு விலக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் சர்வரும் தூங்கிவிடும். வீட்டுப் போன் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டிருக்கிறார்கள்.

மின்சாரச் செலவு? திரையை அணைத்துவிட்டு ஓடுகிற போனுக்கு 1 முதல் 2 வாட் போதும். 2 வாட் என்றே வையுங்கள். இருபத்திநாலு மணி நேரம், முப்பது நாள், மொத்தம் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. அதே வேலைக்கு 60 வாட் இழுக்கிற ஒரு மேஜைக் கம்ப்யூட்டரை வைத்தால் மாதம் 43 யூனிட் ஆகும். போதாக்குறைக்கு மின்சாரம் நின்றால் அது அப்போதே அணையும். போன் தன் பேட்டரியில் பல மணி நேரம் தாங்கும்.

அந்தப் பேட்டரிதான் இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

செல்போன் பேட்டரி லித்தியம் வகை. அதற்கு இரண்டு விரோதிகள். ஒன்று சூடு, மற்றொன்று எப்போதும் வயிறு நிறைந்தே இருப்பது. இரவு பகல் சார்ஜரில் மாட்டி நூறு சதவீதத்திலேயே நிறுத்திவைத்தால், உள்ளே வேதிப்பொருள் மெல்ல மெல்லச் சிதைந்து வாயு கட்டும். மாட்டுக்கு வயிறு உப்புகிற மாதிரி பேட்டரி உப்பும். முற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகையால் சில போன்களில் 80 அல்லது 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற அமைப்பு இருக்கிறது. இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரிக் கடையில் டைமர் வைத்த பிளக் கிடைக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் மட்டும் மின்சாரம் போகிற மாதிரி வைத்தால், போன் நிறையாமலும் காயாமலும் நடுவிலேயே ஓடும். உங்கள் போனுக்கு அது போதுகிறதா என்று இரண்டு நாள் கவனித்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நெருக்கமாகப் பரணில் வேண்டாம், சித்திரை வெயிலில் அது அடுப்பு. மோட்டார் கொட்டகையில் வேண்டாம். வைக்கோல், சாக்கு, மண்ணெண்ணெய், மருந்து டப்பா பக்கத்தில் கூடவே கூடாது. துணியில் சுற்றி வைக்காதீர்கள். நடு வீட்டில், காற்றோட்டமான சுவர் ஓரத்தில், ஓர் ஓட்டின் மேலோ கடப்பைக் கல்லின் மேலோ வையுங்கள். மாதம் ஒரு தடவை அந்தப் பலகைப் பரிசோதனையைச் செய்யுங்கள். ஆடினால் அன்றைக்கே சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். வீங்கிய பேட்டரியை ஊசியால் குத்துவது, அமுக்கிப் பார்ப்பது, குப்பையோடு போட்டுக் கொளுத்துவது எல்லாம் விபரீதம். தனியாக ஒரு மண் சட்டியில் மணல் பரப்பி, அதில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிற அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

இப்படிப் பழைய போனை வேலைக்கு வைப்பது ஏதோ நம் ஊர்ச் சிக்கனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சான் டியேகோவில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் பழைய பிக்சல் போன்கள் பத்தை ஒன்றாகக் கோத்து சர்வர் வேலை வாங்கி, 2023-இல் கட்டுரை வெளியிட்டார்கள். எஸ்டோனியா நாட்டு டார்ட்டு பல்கலைக்கழகத்தார் 2025-இல், ஒரு போனுக்கு 8 யூரோ அளவு செலவில் இதையே செய்தார்கள். அவர்கள் பேட்டரியை எடுத்துவிட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். கடலுக்கடியில் உயிரினங்களைக் கண்காணிக்கவும் அதை வைத்துப் பார்த்தார்கள். நாம் பேட்டரியைக் கழற்றப் போக வேண்டாம். இன்றைய போன்களில் அது பசை போட்டு ஒட்டியிருக்கிறது, பிடுங்கும்போதே கிழிந்து புகையும்.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருந்தால் ‘டெர்மக்ஸ்’ என்ற பெயரை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அந்தச் செயலிக்குள் லினக்ஸ் கருவிகள் எல்லாம் ஓடும். வரவு செலவுக் கணக்குக்கு வீட்டுக்குள் மட்டும் தெரிகிற ஒரு பக்கமே அமைத்துக் கொடுத்துவிடுவார். அதை எஃப்-ட்ராய்டு என்ற இடத்திலிருந்து இறக்கிக்கொள்வது நல்லது.

படிக்கிற குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இன்னொன்று. ‘கிவிக்ஸ்’ என்று ஒரு செயலி. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால், பிறகு இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். அந்தக் கோப்பைப் பக்கத்திலிருக்கிற மற்றப் போன்களுக்கும் பரிமாறுகிற வசதி அதிலேயே உண்டு. மழைக்காலத்தில் டவர் போனாலும் பாடம் நிற்காது.

வெளியூரிலிருந்தும் வீட்டுப் போனைப் பார்க்கலாம், வைஃபை பெட்டியில் வெளிக்கதவைத் திறந்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். திருத்தம் வராத போனை ஊர் வழியில் நிறுத்தினால் திருடன் வருவதற்கு நாள் கணக்கு வேண்டாம்.

கடைசியாக மாட்டுத் தொழுவம். ‘ஐ.பி. வெப்கேம்’ என்று ஒரு செயலி பழைய போனைக் காவல் கேமராவாக மாற்றிவிடும். சினை மாடு நாள் நெருங்கி நிற்கும்போது, ராத்திரி மணிக்கொரு தரம் எழுந்து லாந்தரோடு ஓடுகிறோமே, அதற்குப் பதில் படுத்த இடத்திலிருந்தே புதுப் போனில் மாட்டைப் பார்க்கலாம். மாடு படுத்து எழுந்து தவிக்கிறதா, பனிக்குடம் தெரிகிறதா என்று தெரிந்துகொண்டு அப்போது எழுந்து போனால் போதும். இந்தக் கேமராவுக்கு இருட்டில் கண் தெரியாது. ஒரு ஜீரோ வாட் பல்பு எரிய வேண்டும். கேமரா ஓடினால் போன் சூடேறும், ஆகவே ஈனுகிற வாரம் மட்டும் வைத்துவிட்டுப் பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். தொழுவத்தில் மாட்டு மூத்திர ஆவியும் எலியும் போனுக்கு ஆகாது. நடுவில் மண்சுவர் நாலு இருந்தால் வைஃபை எட்டாது. ஜன்னலுக்கு நேராக வைத்துப் பாருங்கள். மாடு நாக்கு நீட்டினால் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். இதையும் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.